முதல் கட்டளை எங்கே நின்றது?

(வீட்டில் கட்டிய கம்ப்யூட்டரில் பூட்லோடர் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பற்றி, தொழிலாளர் மாலை வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



கையாலேயே ஒரு சிறு கம்ப்யூட்டரைக் கட்டுவது எப்படி என்று சென்ற வகுப்புகளில் பார்த்தோம். கட்டி முடித்துச் சுவிட்சைப் போட்ட பிறகு அது ஓடவில்லை என்றால் என்ன செய்வது? இன்று பேச வேண்டிய விஷயம் அதுதான்.

மின்சாரம் வருகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் யந்திரம் வாய் திறக்கவில்லை. திரையில் ஒரு எழுத்துக்கூட வரவில்லை. மில்லில் பெல்ட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். பல்சக்கரம் தேய்ந்தால் காதுக்குக் கேட்கும். இங்கே கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் அகப்படுவதில்லை.

அப்போது மூன்று விதமான யோசனைகள் வந்து சேரும். "ராசி சரியில்லை, அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்" என்பது ஒன்று. "எல்லா வயர்களையும் பிடுங்கிப் புதிதாகச் சொருகு" என்பது இரண்டு. "மூளைச் சிப்பு போய்விட்டது, தூக்கி எறி" என்பது மூன்று. மூன்றுமே நம் நேரத்தையும் காசையும் தின்கிற யோசனைகள். மூன்றாவது எல்லாவற்றிலும் மோசம். ஏன்? நாம் பயன்படுத்துகிற மூளைச் சிப்பு இஸட்-80. அமெரிக்காவின் ஜைலாக் கம்பெனி 1976-ல் கொண்டு வந்தது. 48 வருஷங்களுக்குப் பிறகு, 2024 ஏப்ரலில், தனிச் சிப்பாக அதைத் தயாரிப்பதை நிறுத்துவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. கடைசி ஆர்டர் கொடுக்க அவ்வருஷம் ஜூன் 14 வரைதான் அவகாசம் தந்தது. கூலிக் காசில் மிச்சம் பிடித்து வாங்கிய நல்ல சிப்பை, தவறான முடிவால் குப்பையில் போட நம்மால் முடியுமா?

ஆகவே ஊகம் வேண்டாம். சோதனை வேண்டும். சோதனைக்கு ஒரு வரிசை வேண்டும்.

பூட்லோடர் என்பது என்ன?

கம்ப்யூட்டரின் மூளைச் சிப்பு அபாரமான வேகம் உடையது. ஆனால் அதற்குச் சொந்த யோசனை கிடையாது. நினைவகத்தில் எழுதி வைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றும், அவ்வளவுதான். ரேம் என்கிற நினைவகத்தில் எழுதவும் முடியும், படிக்கவும் முடியும். ஆனால் மின்சாரம் போனால் அதில் எழுதியது எல்லாம் போய்விடும். காலையில் சுவிட்சைப் போடும்போது ரேமில் இருப்பது வெறும் குப்பை எண்கள்.

அப்படியானால் முதல் கட்டளை எங்கிருந்து வரும்? மின்சாரம் போனாலும் அழியாத ரோம் என்கிற நினைவகத்தில், ஒரு சின்னஞ்சிறு நிரலை நாமே எழுதி வைக்கிறோம். யந்திரம் விழித்ததும் அது ஓடும். வெளியிலிருந்து பெரிய நிரலை வாங்கி ரேமில் அடுக்கும். பிறகு பொறுப்பை அந்தப் பெரிய நிரலிடம் ஒப்படைக்கும். இந்தச் சிறு நிரலுக்குத்தான் பூட்லோடர் என்று பெயர். பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து பிறந்த பெயர் அது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1975-ல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரிலிருந்து ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. பாகங்களை வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். அதற்காகப் பேசிக் என்ற மொழியை பால் ஆலனும் பில் கேட்ஸும் எழுதினார்கள். அதை ஓட்டிக் காட்ட ஆலன் விமானத்தில் புறப்பட்டார். நிரலை யந்திரத்துக்குள் ஏற்றுகிற பூட்லோடரை எழுதவே இல்லை என்பது நடுவானில்தான் அவருக்கு நினைவு வந்தது. விமானம் இறங்குவதற்குள் அதைக் காகிதத்தில் எழுதி முடித்தார். யந்திரத்தின் முகப்புச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி அதை உள்ளே செலுத்தினார். பிறகுதான் காகித நாடாவிலிருந்து பேசிக் உள்ளே ஏறியது, வேலை செய்தது. அந்தச் சில பைட்டுகள் இல்லாதிருந்தால் அத்தனை மாத உழைப்பும் நாடாவிலேயே கிடந்திருக்கும்!

நம் யந்திரத்தின் அமைப்பு

இஸட்-80 சிப்புக்கு 40 கால்கள். அவற்றில் 16 கால்கள் முகவரிக் கம்பிகள். எந்த அறையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை அவை சொல்லும். மொத்தம் 65,536 அறைகள். 8 கால்கள் தகவல் கம்பிகள். அறையில் உள்ள எண் அவற்றின் வழியே போகும், வரும்.

கம்ப்யூட்டரில் எண்களைப் பதினாறின் கணக்கில் எழுதுவது வழக்கம். 9-க்குப் பிறகு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று போகும். அந்தக் கணக்கில் 0000 முதல் 7எஃப்எஃப்எஃப் வரை ரோம். 8000 முதல் எஃப்எஃப்எஃப்எஃப் வரை ரேம். இரண்டும் பாதிப் பாதி. ஏ15 என்ற மேல்முகவரிக் கம்பிதான் இரண்டையும் பிரிக்கும் வரப்பு. இவற்றோடு, வெளிக் கம்ப்யூட்டருடன் பேச ஒரு 6850 சீரியல் சிப்பு. நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள எட்டு எல்.இ.டி. விளக்குகள்.

ரீசெட் பொத்தானை அழுத்தி விட்டதும், இஸட்-80 முதலில் 0000 அறைக்குத்தான் போகும். இதில் மாற்றமே இல்லை. நம் பூட்லோடர் அங்கே குடியிருக்க வேண்டும். அதற்கு நான்கு வேலைகள்: ரேமைச் சோதிப்பது, சீரியல் சிப்பைத் தயார் செய்வது, வரும் பைட்டுகளை 8000 முதல் வரிசையாக அடுக்குவது, கடைசியில் 8000-க்குத் தாவுவது.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால்?

வயல் வேலை செய்யும் தோழர்களைக் கேட்போம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வீர்கள்? கடைமடையிலேயே உட்கார்ந்து மண்ணைக் கிளறுவீர்களா? வாய்க்காலோடு மேலே நடப்பீர்கள். இந்த மதகு வரை வந்திருக்கிறது, அடுத்த மதகில் இல்லை என்று தெரிந்தால், உடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மில் தோழர்களுக்கும் இது தெரிந்ததே. ஸ்பின்னிங்கில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் காரணம் ஸ்பின்னிங்கில்தான் இருக்கும் என்பதில்லை. கார்டிங்கில் ஆரம்பித்த கோணல் அங்கே வந்து தலைகாட்டியிருக்கலாம்.

பூட்லோடரிலும் இதே வழிதான். "ஏன் எழுத்து வரவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "எதுவரை சரியாக ஓடியது?" என்று கேட்டால் கிடைக்கும்.

முதல் மதகு: மின்சாரமும் துடிப்பும்

மல்டிமீட்டரை எடுத்து இஸட்-80 சிப்பின் 11-வது காலுக்கும் 29-வது காலுக்கும் நடுவே அளக்க வேண்டும். 4.75 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது, 5.25-க்கு மேல் போகக்கூடாது. சப்ளையில் அளந்தால் போதாது, சிப்பின் காலிலேயே அளக்க வேண்டும். பிரெட்போர்டில் ஐந்து வோல்ட் புறப்பட்டுப் போகிற வழியிலேயே குறைந்துவிடுவது சகஜம். ஒவ்வொரு ஐ.சி.யின் பக்கத்திலும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

6-வது காலுக்குக் கடிகாரத் துடிப்பு வரவேண்டும். 26-வது கால் ரீசெட். குறைந்தது மூன்று துடிப்புகள் அது தாழ்ந்திருந்து, பிறகு உயர வேண்டும். இன்னும் நான்கு கால்களைப் பலர் கவனிப்பதே இல்லை: 16, 17, 24, 25. வெளியார் குறுக்கிடுவதற்கும், "பொறு" என்று நிறுத்தி வைப்பதற்கும் உள்ள கால்கள் அவை. பயன்படுத்தவில்லை என்று சும்மா விட்டுவிடக்கூடாது. ரெஸிஸ்டர் வழியாக ஐந்து வோல்ட்டில் கட்ட வேண்டும். அந்தரத்தில் விட்டால் கை கிட்டே போனாலே யந்திரம் நிற்கும், ஓடும். ராசி, பேய் என்று சொல்லப்படுகிற பல கோளாறுகளின் பிறப்பிடம் இதுதான்!

இனி சிப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். ரோமையும் ரேமையும் கழற்றிவிடுங்கள். எட்டுத் தகவல் கம்பிகளையும் ரெஸிஸ்டர்கள் வழியாகத் தரையில் கட்டுங்கள். சிப்பு எங்கே படித்தாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். இஸட்-80 மொழியில் 00 என்றால் "ஒன்றும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ." ஒவ்வொன்றுக்கும் நான்கு துடிப்புகள். 65,536 அறைகளையும் ஒரு சுற்று சுற்ற 2,62,144 துடிப்புகள். விநாடிக்கு ஒரு லட்சம் துடிப்பு கொடுத்தால் சுமார் 2.6 விநாடிக்கு ஒரு சுற்று. ஏ15 கம்பியில் மாட்டிய விளக்கு அந்தத் தாளத்தில் எரிந்து அணையும். (வேகம் இவ்வளவு குறையும்போது சீமாஸ் வகைச் சிப்புதான் தாங்கும். துடிப்பில் பாதி நேரம் அந்தக் கம்பியில் வேறு எண் போவதால் விளக்கு சற்று மங்கலாகத் தெரியும்.) விளக்கு சிமிட்டினால் சிப்பு பிழைத்திருக்கிறது. அதைக் குறை சொல்லும் பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டாவது மதகு: ஐந்து பைட்டுகள்

ரோமைத் திரும்பச் சொருகுவோம். பூட்லோடர் முழுவதையும் இப்போதே வைக்க வேண்டாம். ஐந்தே பைட்டுகள் போதும்: 3இ, 01, டி3, 00, 76. "1 என்ற எண்ணை எடு, 0-ஆம் வாசல் வழியாக விளக்குகளுக்கு அனுப்பு, நில்" என்பது அதன் பொருள். முதல் விளக்கு மட்டும் எரிந்தால் ரோம் சரி, முகவரிக் கம்பிகளின் அடிப்பகுதி சரி, விளக்கு வாசலும் சரி.

எரியவில்லையா? தகவல் கம்பிகளைப் பாருங்கள். இஸட்-80 சிப்பில் அவற்றின் கால்கள் வரிசையாக இல்லை. டி0 முதல் டி7 வரை 14, 15, 12, 8, 7, 9, 10, 13 என்று சிதறிக் கிடக்கின்றன. இரண்டு இடம் மாறியிருந்தாலும் பூஜ்யச் சோதனையில் அது பிடிபடாது. பூஜ்யத்தை எப்படிப் புரட்டினாலும் பூஜ்யம்தானே! ரேமிலும் பிடிபடாது. மாற்றி எழுதியதை மாற்றியே படிப்பதால் கணக்கு சரியாகிவிடும். ரோமில்தான் கட்டளைகள் குழம்பிப் போகும். எந்தச் சோதனையும் தான் சோதித்ததற்கு மட்டுமே சாட்சி. அதற்கு மேல் அதன் தலையில் ஏற்றக்கூடாது.

இன்னொரு குணத்தையும் அறிந்து வைப்பது நல்லது. எழுதாத காலி ரோமைப் படித்தால் எஃப்எஃப் என்று வரும். இஸட்-80 மொழியில் எஃப்எஃப் என்றால் "திரும்பி வரும் முகவரியை எழுதி வைத்துவிட்டு 0038-க்கு ஓடு." அங்கேயும் எஃப்எஃப் இருந்தால் மறுபடி 0038. இப்படிச் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ரேமில் இரண்டு அறைகளை அழித்துக்கொண்டே போகும். ஆகவே முகவரி விளக்குகளில் 0038 திரும்பத் திரும்பத் தெரிந்தால், ரோம் காலியாக இருக்கிறது, அல்லது நிரல் வழிதவறிக் காலி இடத்துக்குப் போய்விட்டது.

மூன்றாவது மதகு: ரேம்

பூட்லோடரின் ஒவ்வொரு கட்டத்திலும் விளக்குகளுக்கு ஒரு எண் அனுப்ப வேண்டும். விழித்ததும் 1. ரேம் சரியானால் 2. சீரியல் தயாரானால் 3. முதல் பைட்டு வந்தால் 4. தாவுவதற்கு முன் 5. இவை மைல்கற்கள். 3 எரிந்து 4 எரியவில்லை என்றால், பழுது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். ஆயிரம் இடத்தில் தேடவேண்டியது பத்து இடத்தில் தேடுவதாகச் சுருங்கிவிட்டது. பெரிய கம்பெனிகள் செய்கிற கம்ப்யூட்டர்களிலும், விழிக்கும்போது ஒரு குறிப்பிட்ட வாசலுக்கு இப்படி எண்களை அனுப்பும் ஏற்பாடு உண்டு.

ஒரு கண்டிப்பான விதி: ரேம் சரி என்று நிரூபிக்கும் வரை துணைநிரலை அழைக்கக்கூடாது. ஏன்? அழைத்தால் திரும்பி வரும் முகவரியைச் சிப்பு ரேமில்தான் எழுதி வைக்கும். ரேம் கெட்டிருந்தால் திரும்பி வர வழி தெரியாது. சோதிக்கிற நிரல் எதைச் சோதிக்கிறதோ அதன் மேலேயே சாய்ந்து நிற்கலாமா?

ஒரே அறையில் 55, ஏஏ என்று எழுதிப் படித்துப் பார்ப்பது போதாது. இரண்டு முகவரிக் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது தெரியாது. 8000, 8001, 8002, 8004, 8008 என்று இரட்டித்துக்கொண்டே சி000 வரை போனால் 16 அறைகள். பதினாறிலும் வெவ்வேறு எண் எழுத வேண்டும். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகே படிக்க வேண்டும். ஒன்றில் எழுதியது இன்னொன்றில் தெரிந்தால் எந்தக் கம்பி ஒட்டியிருக்கிறது என்று அந்த அறையின் எண்ணே சொல்லும்.

நான்காவது மதகு: சீரியல் பேச்சு

யந்திரத்தைச் சேர்ப்பதற்கு முன் கேபிளைச் சோதியுங்கள். கேபிளின் அனுப்பும் வயரையும் வாங்கும் வயரையும் நுனியில் இணைத்துவிட்டு, வெளிக் கம்ப்யூட்டரில் தட்டினால், தட்டிய எழுத்தே திரும்பி வரவேண்டும். பிறகு இணைக்கும்போது ஒருவர் அனுப்புவது மற்றவர் வாங்குவதில் போய்ச் சேர வேண்டும். பழைய ஆர்.எஸ்.-232 வாசலாக இருந்தால் ஜாக்கிரதை! அதில் ஐந்து வோல்ட்டுக்கு மேலும் பூஜ்யத்துக்குக் கீழும் மின்னழுத்தம் வரலாம். நடுவே மாற்றிச் சிப்பு இல்லாமல் சொருகினால் 6850 எரிந்து போகும்.

எழுத்து வருகிறது, ஆனால் கிறுக்கலாக வருகிறது. என்ன காரணம்? பெரும்பாலும் வேகம் பொருந்தாததுதான். 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் துடிப்பை 64-ஆல் வகுத்தால் சரியாக 1,15,200 வரும். 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டால் 1,25,000 வரும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் நூற்றுக்கு எட்டரை. சிறிதுதானே என்று தோன்றும். ஒரு எழுத்துக்குப் பத்துத் துடிப்புகள். ஒவ்வொன்றிலும் எட்டரை சதவீதம் சேர்ந்துகொண்டே போய், கடைசித் துடிப்புக்குள் முக்கால் துடிப்புக்கு மேல் நழுவிவிடும். கிரிஸ்டலின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் படித்தால் போதும், பழுது பிடிபடும்.

ஐந்தாவது மதகு: மூட்டைக் கணக்கு

சிறு நிரல் சரியாக ஏறுகிறது, பெரிய நிரல் ஏறினால் பாதியில் கெடுகிறது. இது எதனால்? இந்த வேகத்தில் விநாடிக்கு 11,520 பைட்டுகள் வந்து விழுகின்றன. ஒரு பைட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நம் சிப்புக்குக் கிடைப்பது 640 துடிப்புகள். அதற்குள் வாங்கி, கணக்குப் பார்த்து, அடுக்கி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த பைட்டு தொலைந்தது. அனுப்பும் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பாருங்கள். அப்போது சரியானால் காரணம் அதுதான்.

தொலைந்ததைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லாரியில் ஏற்றும்போது எழுதிய மூட்டைக் கணக்கையும், இறக்கும்போது எண்ணிய கணக்கையும் ஒத்துப் பார்ப்பதில்லையா? அதுபோல ஒவ்வொரு வரியின் பைட்டுகளையும் கூட்டி, அந்தக் கூட்டலையும் சேர்த்து அனுப்புகிறோம். பூட்லோடர் தானும் கூட்டிப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் விளக்கில் ஒரு பிழை எண் காட்டி நின்றுவிட வேண்டும். தெரியாத சரக்கை ஓட்டக்கூடாது.

கடைசியாகத் தாவல். 8000-க்குத் தாவு என்பதை சி3, 00, 80 என்று எழுத வேண்டும். இஸட்-80 முகவரியின் சிறிய பாதியைத்தான் முதலில் படிக்கும். சி3, 80, 00 என்று எழுதினால் 0080-க்குப் போய்விடும். நிரலை 9000-க்கென்று தயாரித்துவிட்டு 8000-இல் ஏற்றினாலும் இதே கதிதான், உள்ளே இருக்கும் தாவல்கள் எல்லாம் தவறான இடத்துக்குப் போகும்.

கையில் இருக்க வேண்டிய ஒழுங்கு

தோழர்களே, இத்தனை மதகுகளையும் கடக்கக் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எந்த நாள், எதை மாற்றினோம், என்ன தெரிந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றி யந்திரம் ஓடிவிட்டால், எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும். கடைசியாகச் சரியாக ஓடிய ரோமை அழிக்காமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். புதியது தகராறு செய்தால், பழையதைச் சொருகிப் பார்த்தால் பழுது நிரலிலா, வயரிலா என்று ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

1975 மார்ச் 5-ந் தேதி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார் கொட்டகையில் சிலர் கூடினார்கள். கம்ப்யூட்டரை வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று கூடிய சங்கம் அது. தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். பூட்டிய அறைக்குள் இருந்த கம்ப்யூட்டர் சாதாரண மனிதனின் மேஜைக்கு வந்ததில் இப்படிப்பட்டவர்களுக்குப் பங்கு உண்டு.

கம்ப்யூட்டர் என்றாலே மெத்தப் படித்தவர்கள் சமாசாரம் என்று ஒரு பயம் நம்மிடையே இருக்கிறது. இன்று பார்த்ததில் எது நமக்குப் புரியாதது? மதகு மதகாக நடப்பது புதிதா? மூட்டைக் கணக்கு புதிதா? ஒட்டிய கம்பியைப் பிரிப்பது புதிதா? யந்திரத்தின் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழிக்கிற கைகள் நம்முடையவை. அந்தக் கைகள் முதல் கட்டளையையும் எழுதத் தெரிந்துகொள்ளட்டும். அது நின்று போனால், எங்கே நின்றது என்று தேடத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது அவரவர் நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். எந்த மதகு வரை போனீர்கள் என்பதை வைத்து அங்கிருந்து ஆரம்பிப்போம்.